புதிய வண்டி வந்த வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் காலத்தில் மோட்டார் வண்டி இருந்திருப்பின், அதனையும் இப்பழமொழியில் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. அப்போதும் ‘வாங்கிப் பார்’ என்று கூறாமல் ‘வைத்திருந்து பார்’ என்றே கூறியிருப்பார்கள். வாங்குதல் ஒரு நாள் வேலை. வைத்திருத்தல் குடும்பம் முழுவதற்கும் பல ஆண்டு வேலை.

புதிய வண்டிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் அழகையும் வேகத்தையும் விரிவாக எழுதுகின்றனர். வண்டி வீட்டு முற்றத்துக்கு வந்து, மாலை வாடி, சந்தனப் பொட்டு உதிர்ந்த பின்னர் அவ்வீட்டில் நிகழ்வது என்ன என்பதை எழுதுவோர் சிலரே. ‘எஸ். யூ. வி.’ எனப்படும் இனத்தைச் சேர்ந்த சிறிய சொகுசு வண்டியொன்று எம்மிடம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ஆறாயிரத்து இருநூறு கிலோமீற்றர் ஓடிவிட்டது. இக்காலத்தில் நாம் கண்டவற்றையும் கற்றவற்றையும் வாசகர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். வண்டியின் பெயரை நாம் குறிப்பிடப் போவதில்லை. ஒரு கம்பனிக்கு முரசறைவதும் இன்னொன்றைத் தூற்றுவதும் எமது வேலையல்ல. ஜப்பானிற் செய்யப்பட்ட, நான்கு மீற்றருக்குச் சற்றே அதிக நீளமுள்ள, ஒன்றரை லீற்றர் பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கின்ற வண்டி என்ற அளவில் அறிந்தாற் போதும்.

வண்டியின் குலமுறை

இவ்வின வண்டிகளின் மூதாதையர் போர்க்களத்திற் பிறந்தவர்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்துக்காகப் பெருந்தொகையிற் செய்யத் தொடங்கிய ‘ஜீப்’ வண்டியே இவர்களுள் முதல்வர். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ‘லான்ட் றோவர்’ பிறந்தது. நமது மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் இவ்விரண்டையும் கண்டவர்கள், அவற்றிற் சொகுசு என்ற சொல்லுக்கு இடமே இருக்கவில்லை என்பதை அறிவார்கள். ஏறி இறங்கியவர் உடம்பில் ஒவ்வோர் எலும்பும் தனித்தனியே தன்னை அறிமுகஞ் செய்துகொள்ளும்.

1970ஆம் ஆண்டில் வந்த ‘றேஞ்ச் றோவர்’, சேற்றில் ஓடும் வண்டிக்கும் நல்ல இருக்கை இருக்கலாம் என்று காட்டியது. 1994ஆம் ஆண்டில் டொயோட்டா கம்பனியார் ‘றாவ்-4’ என்ற சிறிய வண்டியை வெளியிட்டனர். வெளித்தோற்றத்தில் ஜீப்பைப் போன்று உயர்ந்து நின்றாலும், அதன் உடலமைப்பு சாதாரணக் காரின் அமைப்பே. கனமான தனிச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்தாமல், சட்டமும் உடலும் ஒன்றாக அமையுமாறு செய்தமையால் பாரம் குறைந்தது, ஓட்டம் மென்மையாயிற்று. இதன்பின் சொகுசு வண்டி செய்வோரும் இவ்வழியே வந்தனர். பி. எம். டபிள்யூ. கம்பனியின் ‘எக்ஸ்-1’ 2009ஆம் ஆண்டிலும், அவுடியின் ‘கியூ-3’ 2011ஆம் ஆண்டிலும், வொல்வோவின் ‘எக்ஸ். சி. 40’ 2017ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. டொயோட்டாவின் சொகுசுக் கிளையாகிய லெக்ஸஸ், 2023ஆம் ஆண்டில் ‘எல். பி. எக்ஸ்.’ என்னும், 4.19 மீற்றர் நீளமே கொண்ட வண்டியை வெளியிட்டது. சொகுசு என்றால் நீளம் என்று எண்ணியிருந்த காலம் அத்துடன் முடிந்தது எனலாம்.

கொழும்பிலே வாழ்பவர்களுக்கு இச்சிறுமை பெரும் வசதி. வெள்ளவத்தைக் குறுக்குத் தெருக்களில் இரு பக்கமும் வண்டிகள் நிற்க, நடுவே முச்சக்கர வண்டியொன்று எதிரில் வரும்போது, நீளத்தின் அருமையைவிடக் குறுமையின் அருமையே விளங்கும்.

ஐந்தாண்டுக் காத்திருப்பு

2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. சொந்தப் பாவனைக்கான வண்டிகளை மீண்டும் இறக்க 2025ஆம் ஆண்டு மாசி மாதத்திலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டிலிருந்த பழைய வண்டிகள் விலையேறின. அவற்றின் சொந்தக்காரர்களோ தேய்ந்தனர். ஒரு டொலருக்கு இருநூறு ரூபாவாக இருந்த நாணய மாற்று விகிதம் 2022ஆம் ஆண்டில் முந்நூற்றறுபதை எட்டி, பின்னர் முந்நூறின் அயலில் நின்றது. இதனுடன் சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, இயந்திரத்தின் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரி, பெறுமதி ஓர் எல்லையைத் தாண்டினால் சொகுசு வரி, யாவற்றுக்கும் மேலாக நூற்றுக்குப் பதினெட்டு வீதம் பெறுமதி சேர் வரி என்பன சேர்ந்தன. வண்டியைச் செய்தவனுக்குக் கொடுத்ததிலும் பார்க்கத் திறைசேரிக்குக் கொடுத்ததே அதிகம்.

எமது பழைய கார் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்தது. அதனை மாற்றவேண்டிய அவசியம் வந்தது அதன் முதுமையினாலன்று. எமது வீட்டு அம்மம்மாவின் முதுமையினால். எழுபத்தொன்பது வயதான அம்மம்மா 2023ஆம் ஆண்டில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திர சிகிச்சை பெற்றார். அதன்பின் பழைய காரின் தாழ்ந்த இருக்கையிலிருந்து அவரை எழுப்ப இருவர் வேண்டும். இரவு பஸ்ஸின் படிகளும் வானின் உயர்ந்த படியும் அவருக்கு எட்டாதவை. வடமராட்சியிலுள்ள தம் பிறந்த வீட்டை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டதில்லை. கேட்காமலிருந்ததே எமக்குப் பெரும் பாரமாக இருந்தது.

வீட்டின் மேல்மாடிக்கென்று பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. மாடியா, வண்டியா என்று பல இரவுகள் பேசினோம். மாடி எப்போதும் கட்டலாம். அம்மம்மாவின் பயணத்துக்கு எப்போதும் என்ற காலம் இல்லை. எமது முடிவு அவ்வாறு அமைந்தது. கொங்கிறீற்றுத் தூண்களின் கம்பிகள் இன்றும் கூரைக்கு மேலே வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

கதிரையின் உயரம்

விலைப்பட்டியலில் இல்லாத ஓர் அளவை நாம் முதலில் அளந்தோம். தரையிலிருந்து முன்னிருக்கை எவ்வளவு உயரம்? எமது அளவுநாடாவில் ஐம்பத்தேழு சென்ரிமீற்றர். சாப்பாட்டு மேசைக் கதிரையிலும் சற்றே உயரம். நோயுற்ற முதியவர் ஒருவர் முழங்காலை அதிகம் மடக்காமலும், காலை அதிகம் தூக்காமலும், பக்கவாட்டிற் பின்புறமாக அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே திருப்பிக்கொள்ள இவ்வுயரம் மிகப் பொருத்தம். விற்பனை நிலையத்திலேயே அம்மம்மாவை அழைத்துச் சென்று மூன்று வண்டிகளில் அமர்த்திப் பார்த்தோம். மூன்றாவதில் அமர்ந்த அவர், “மோனை, இதுக்கை ஏறவும் தேவையில்லை, இறங்கவும் தேவையில்லை, கதிரையிலை இருக்கிறமாதிரிக் கிடக்கு” என்றார். விற்பனையாளர் ஒரு மணி நேரம் கூறிய பெருமைகள் யாவற்றிலும் இவ்வொரு வாக்கியமே எமக்குத் தீர்ப்பாயிற்று.

முன்னிருக்கையின் சுகம் பின்னிருக்கையில் இல்லை என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். சிறிய வண்டி சிறிய வண்டியே. பின்னால் இரண்டு பிள்ளைகள் சுகமாக இருக்கலாம். மூவர் இருந்தால், நடுவில் இருப்பவருக்குப் பொறுமை வேண்டும். பின் கதவுக் கண்ணாடிகள் சிறியவையாதலால் வெளியே பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குத் தலைச்சுற்று உண்டாகலாம். டிக்கியில் இரண்டு பயணப் பெட்டிகளும் ஒரு பனங்கட்டிக் குட்டானும் வைத்த பின், ஊரிலிருந்து அன்புடன் தரப்படும் பலாப்பழத்துக்கு இடமில்லை. உறவினரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம்.

இரண்டு குதிரைகள், ஒரு வண்டி

மாணவர்களுக்காக இவ்வண்டி ஓடும் முறையைச் சற்று விளக்குவோம். ‘ஹைபிரிட்’ எனப்படும் கலப்பு முறை வண்டியிற் பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் உண்டு. பெருந்தொகையிற் செய்யப்பட்ட முதல் கலப்பு வண்டியாகிய ‘பிறியஸ்’, 1997ஆம் ஆண்டு மார்கழியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. புறப்படும்போதும் மெதுவாக ஊரும்போதும் மோட்டார் இழுக்கிறது. வேகம் கூடும்போது இயந்திரம் துணைக்கு வருகிறது. நின்றால் இயந்திரமும் நின்றுவிடுகிறது. எம்முடையது போன்ற வண்டிக்கு வீட்டில் மின்சாரம் ஏற்றவேண்டியதில்லை. பற்றரியை வண்டியே ஓட்டத்தில் நிரப்பிக்கொள்கிறது.

இதில் வியப்பு யாதெனில், பிரேக்கை மிதிக்கும்போது வீணாகும் சக்தியை அது மீட்டுக்கொள்வதே. ஆயிரத்து முந்நூறு கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதனிடமுள்ள இயக்க சக்தி ஏறக்குறைய ஒரு இலட்சத்து எண்பதாயிரம் யூல். பாடசாலையிற் படித்த சூத்திரத்தைக் கொண்டு, அதாவது திணிவையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கி, பிள்ளைகள் இதைச் சரிபார்க்கலாம். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். சாதாரண வண்டி ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இச்சக்தி பிரேக்கில் வெப்பமாகிக் காற்றோடு கலந்துவிடும். பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டைக்குப் போவதற்குள் எத்தனை முறை நிற்கிறோம்! ஒவ்வொரு முறையும் ஒரு தேநீர்க் கேத்தல் தண்ணீரைச் சுட வைத்துத் தெருவில் ஊற்றுகிறோம் என்று கொள்ளலாம். கலப்பு வண்டியில் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, இச்சக்தியின் ஒரு பகுதியைப் பற்றரிக்கு அனுப்புகிறது. நெரிசல் மிகுந்த நகரத்தில் இவ்வண்டி சிக்கனமாக ஓடுவதன் இரகசியம் இதுவே.

கண்டியிலிருந்து திரும்பியபோது கடுகண்ணாவை இறக்கத்தில் வேறொரு பாடமும் கிடைத்தது. நீண்ட இறக்கத்திற் பற்றரி நிரம்பிவிட்டால் அதற்குமேல் மின்சாரத்தை ஏற்க இடமில்லை. அப்போது இயந்திரம் தானாகவே உரத்துச் சுழன்று வண்டியைத் தடுக்கத் தொடங்கும். இது பழுதன்று. கியர்த் தண்டில் ‘பி’ என்று குறித்த இடம் இத்தகைய இறக்கத்துக்கென்றே உள்ளது. அதனைப் பயன்படுத்தினால் பிரேக் சூடேறாமல் இறங்கலாம்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இரு விடயங்களைச் சொல்லிவைத்தல் வேண்டும். போனற்றின் கீழே செம்மஞ்சள் நிறத்தில் ஓடும் தடித்த கம்பிகள் உயர் மின்னழுத்தம் உள்ளவை; அவற்றைத் தொடலாகாது. பின்னிருக்கையின் அடியிலுள்ள சிறு சாளரம் பற்றரி மூச்சுவிடும் துவாரம். அதனை மூடுமாறு பையையோ துவாயையோ வைத்தால் பற்றரி சூடேறி அதன் ஆயுள் குறையும்.

எரிபொருட் கணக்கு

எரிபொருளின் அருமையை நம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியிற் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். 1950களில் வந்த ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் அக்காலத்திலும் ஊரைச் சுமந்தன. பின்னர் 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதுமே பெற்றோல் நிலைய வரிசையில் இரவு பகலாகக் காத்துநின்றது. அவ்வாண்டு பங்கீட்டு முறை தொடங்கியபோது காருக்கு வாரமொன்றுக்கு 20 லீற்றர் வழங்கப்பட்டது.

கொழும்பிலே தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டு, புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் சென்று மீண்டும் நிரப்பினோம். ஓடிய தூரம் 398 கிலோமீற்றர். ஏற்ற பெற்றோல் 17.6 லீற்றர். ஒரு லீற்றருக்கு இருபத்திரண்டரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வண்டியின் திரையோ இருபத்துநான்கு என்று காட்டியது. திரை சொல்வதைக் கேட்டு மகிழலாம். கணக்குப் புத்தகத்தில் எழுதவேண்டியது நிலையத்தில் நிரப்பிப் பார்த்த அளவையே. குளிரூட்டியுடன் கொழும்பு நெரிசலில் பத்தொன்பதும், அதிவேகப் பாதையில் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் இருபதும் கிடைத்தன.

எமது பழைய கார் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடியது. 2022ஆம் ஆண்டின் அந்த 20 லீற்றரைக் கொண்டு அது அநுராதபுரத்தை எட்டிப் பார்த்து நின்றிருக்கும். இது யாழ்ப்பாணம் சென்று சேர்ந்து, பருத்தித்துறைக் கடலையும் பார்த்திருக்கும். ஆயினும் ஒரு விடயத்தை மறைக்கலாகாது. எரிபொருளில் மிச்சம் பிடித்து இவ்வண்டியின் மேலதிக விலையை ஈடுசெய்வது எம் ஆயுளில் நடவாது. சிக்கனத்துக்காகவே சொகுசு வண்டி வாங்குகிறோம் என்று யாரேனும் கூறினால், அது தம் மனச்சாட்சிக்குச் சொல்லும் சமாதானமே.

ஜப்பானியப் பெண்மணி

நேரே ஜப்பானிலிருந்து இறங்கிய வண்டிகளில் ஒரு பெண்மணி குடியிருக்கிறார். விசையை அழுத்தியதும் இனிய குரலில் ஜப்பானிய மொழியில் ஏதோ கூறுவார். முதல் நாள் எமது இளைய மகன், “அப்பா, காருக்கு என்னவோ சுகமில்லையாம்” என்றான். விசாரித்ததில், அந்நாட்டு அதிவேகப் பாதைகளிற் கட்டணம் செலுத்தும் அட்டை செருகப்படவில்லை என்று அவர் நினைவூட்டுகிறார் என அறிந்தோம். தினந்தோறும் இல்லாத அட்டைக்காக வருந்தும் அவரிடம் பிள்ளைகளுக்கு இப்போது அன்பு உண்டாகிவிட்டது.

மணிக்கூடு ஜப்பானிய நேரத்தைக் காட்டிற்று. நமது நேரத்திலும் மூன்றரை மணித்தியாலம் முந்தியது. வானொலியிலும் ஒரு சிக்கல். ஜப்பானிற் பண்பலை ஒலிபரப்பு 76 முதல் 95 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசைகளில் நடைபெறுகிறது. நம் நாட்டு நிலையங்களோ 108 வரை பரந்துள்ளன. ஆதலால் 95க்கு மேலுள்ள நிலையங்கள் கிடைக்கா. சிறு மாற்றிக் கருவியொன்றைப் பொருத்திய பின்னரே அம்மம்மாவின் காலைப் பக்திப் பாடல்கள் கேட்டன. திரையின் மொழியை மாற்றித் தருவதாக விற்பனை செய்த நிறுவனத்தார் வாக்களித்திருந்தனர். நான்கு மாதங்களாக அவ்வாக்கு நாளை நாளை என்று நிற்கிறது. வாங்குவோர் இத்தகைய வாக்குறுதிகளை எழுத்திற் பெற்று, வேலை முடிந்த பின்னரே மிகுதிப் பணத்தைக் கொடுப்பது நன்று.

மின் கண்ணும் மனிதக் கண்ணும்

முன் கண்ணாடியின் மேற்புறத்தில் ஒரு கமரா. முகப்பின் பின்னால் ஒரு ராடார். இவை இரண்டும் சாலையைக் கவனித்து, முன்னால் வண்டியோ ஆளோ குறுக்கிட்டால் மணியடித்து, தேவைப்பட்டால் தாமே பிரேக்கும் போடுகின்றன. கோடுகளுக்கு வெளியே வண்டி விலகினால் ஸ்ரியரிங்கை மெல்லத் திருப்புகின்றன. கொழும்பில் ஒருமுறை, முன்னே சென்ற முச்சக்கர வண்டி திடீரென நின்றபோது, எம் கால் பிரேக்கைத் தொடுமுன் மணி ஒலித்தது. அன்று அதன் அருமையை உணர்ந்தோம்.

ஆனால் மாங்குளத்துக்கு அப்பால் அந்திக் கருக்கலில் வேறொன்று நிகழ்ந்தது. இடப்புறப் பற்றையிலிருந்து கறுத்த மாடொன்று பக்கவாட்டில் வெளிப்பட்டது. மின் கண் ஒன்றும் சொல்லவில்லை. மனிதக் கண்ணே அதனைக் கண்டது. மனிதக் காலே பிரேக்கை மிதித்தது. மாடு தன் வழியே போயிற்று. மணிக்கு எழுபது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் வண்டி பத்தொன்பது மீற்றருக்கு மேல் ஓடிவிடும் என்பதை நினைத்தால் நெஞ்சம் நடுங்குகிறது. இக்கருவிகள் வாகனங்களையும் மனிதரையும் காணவே பெரும்பாலும் பழக்கப்பட்டவை. கோடு அழிந்த சாலையிலும், கடும் மழையிலும், எதிர் வெயிலிலும் அவற்றின் பார்வை மங்கும். வன்னிச் சாலையில் மாடும், புத்தளம் அநுராதபுரம் பாதையில் யானையும் எதிர்ப்படலாம் என்ற அறிவு சாரதியிடமே இருக்கவேண்டும். துணைக்கு ஒரு காவலாளி இருக்கிறான் என்று வீட்டுக்காரர் கதவைத் திறந்துவைத்து உறங்குவதில்லையன்றோ?

இன்னொன்று: மின்சாரத்தில் ஊரும்போது வண்டி ஏறக்குறைய ஓசையற்றது. பாதசாரிகளை எச்சரிக்க அது தானே ஒரு மெல்லிய ரீங்காரம் செய்கிறது. ஆயினும் ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது கேட்குமென்று நம்பலாகாது.

குறைகள் சில

உதிரிச் சில்லு இல்லை. அதற்குப் பதிலாகப் பசைப் போத்தலும் சிறு காற்றுப் பம்பும் தந்துள்ளனர். சிறு ஆணி குத்திய துளைக்கு இது உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. கற்கள் நிறைந்த கிராமப் பாதைக்குப் போவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். பதினெட்டு அங்குலச் சில்லும் மெல்லிய ரயரும் பார்வைக்கு அழகு. குழிகளில் அவை காட்டும் கடுமை அம்மம்மாவின் இடுப்புக்கு அழகன்று. சிறிய சில்லும் தடித்த ரயரும் உள்ள வகை கிடைக்குமாயின் முதியோர் உள்ள வீட்டுக்கு அதுவே உகந்தது. வெளிர் நிற இருக்கைகளில் மாம்பழச் சாறு ஒரு வாரத்திலேயே தன் முத்திரையைப் பதித்தது. குளிரூட்டியின் அளவைத் திரையைத் தொட்டு மாற்றவேண்டியிருப்பதும் ஓடும் வண்டியில் நல்ல பழக்கமன்று. பழைய காரின் திருகு குமிழைக் கண் பாராமலே கை அறிந்திருந்தது.

பெரிய பற்றரியைத் தவிர, விளக்குகளுக்கும் கணினிக்கும் பன்னிரண்டு வோல்ற் சிறு பற்றரியொன்றும் உண்டு. வெளிநாடு செல்வோர் வண்டியை வாரக் கணக்கில் நிறுத்திவைத்தால், பெரிய பற்றரி நிறைந்திருந்தும் சிறியது இறந்து வண்டி அசையாது. பட்டத்து யானை நின்றிருக்க, பாகன் நோயுற்றுக் கிடப்பதைப் போன்றது இது.

வாங்க எண்ணுவோருக்கு

விற்பனை நிலையத்துக்கு வீட்டிலுள்ள மூத்தவரையும் இளையவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஜப்பானிய ஏலத்தில் வாங்கிய வண்டியாயின் ஏலத் தாளையும் சட்ட இலக்கத்தையும் கேட்டுப் பெற்று, ஓடிய தூரத்தையும் அடிபட்டதா என்பதையும் ஒப்பிடுங்கள். அதே இலக்கத்தைக் கொண்டு, தொழிற்சாலை திருத்தத்துக்கு அழைத்த வண்டியா என்பதையும் அறியலாம். உத்தரவாதம் யாருடையது, எத்தனை ஆண்டு, பெரிய பற்றரியும் அதில் அடங்குமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். இவ்வியந்திரங்களுக்குச் சில இடங்களில் ஊற்றப்படும் தடித்த எண்ணெய் ஆகாது. கைநூலில் குறித்த மெல்லிய வகையையே கேளுங்கள். பின்னிருக்கையில் இருப்போரும் ஆசனப்பட்டி அணியட்டும். குழந்தையை மடியில் வைத்திருப்பது அன்பு போலத் தோன்றினும் ஆபத்து. அதற்குரிய இருக்கையைப் பூட்டுவதற்கான கொளுவிகள் பின்னிருக்கையிலேயே உள்ளன. யாவற்றுக்கும் மேலாக, கடன் வாங்கி வண்டி வாங்குவோர் மாதத் தவணையுடன் காப்புறுதி, ரயர், சேர்விஸ் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வண்டி முற்றத்தில் நிற்க, பிள்ளையின் படிப்புச் செலவுக்கு வழி தேடுவது சொகுசாகாது.

அவ்வாறாயின் உங்கள் பணம் வீணாகவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குக் கூறிய விடையையே வாசகர்களுக்கும் கூறுகிறோம். அம்மம்மா பதினோரு மணித்தியாலப் பயணத்தை இடையில் நான்கு முறை இறங்கி நடந்து முடித்தார். ஆனையிறவில் கண்ணாடியை இறக்கச் சொல்லி உப்புக் காற்றைச் சுவாசித்தார். வடமராட்சி வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். கிணற்றடியில் நின்று, தாம் நட்ட எலுமிச்சையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை, நன்றாக உறங்கினார்.

அதன்பின் ஒரு நாள் நள்ளிரவில் அயல் வீட்டுச் சிறுவனுக்குத் தொய்வு கண்டு மூச்சு முட்டியது. அவனையும் தாயையும் ஏற்றிக்கொண்டு ஓசையின்றி ஒழுங்கையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குச் சென்றோம். பையன் இப்போது நலம். வெளிர் நிற இருக்கையில் அவன் செருப்பின் அடையாளம் இருக்கிறது. அதனைத் துடைக்க எமக்கு அவசரமில்லை. விலையுயர்ந்த வண்டியைத் துணியால் மூடி வைத்துக் காப்பவர்களும் உளர். வாங்கிய விலையின் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போய்விட்டது. மிகுதியையேனும் மனிதருக்குப் பயன்படச் செய்வது நம் கையில் இருக்கிறது.